குடலக்காவும் வார்டனின் பிஸ்கட் டின்னும்

மதுரையிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்துப் பேசுகிற மனுஷி ஒருத்திதான் கிடைப்பாள். அவள் குடலக்கா. உலகம் "நல்லா இருக்கியா?" என்று கேட்கும். அவள் "நல்லாப் போகுதா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நகராமல் நிற்பாள்.

சாப்பிட்டுக்கொண்டே வாரப் பத்திரிகை படிக்கும் நல்ல பழக்கம் உள்ளவர்கள் இப்போதே தட்டைக் கழுவிவிட்டு வந்துவிடுங்கள். பிறகு ஆசிரியருக்குப் புகார் எழுதிப் பிரயோஜனமில்லை.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் என்னை மதுரையிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. தங்குவதற்கு ஒரு பெண்கள் ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு, பெட்டியும் கையுமாகப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவளுக்கு விரல் பத்தும் ஊதா. உதடு ஊதா. சிரித்தாள், பல்லும் ஊதா.

"புது ஆளா? உள்ள வா. காலையில வயிறு சுத்தமாச்சா?"

நான் மதுரைக்காரி. யார் முன்னாலும் வாயடைத்து நின்றதாகச் சரித்திரம் கிடையாது. அன்றைக்கு நின்றேன்.

"பஸ்ஸுல வந்தேன்" என்றேன், சம்பந்தமே இல்லாமல்.

"அப்ப ஆகியிருக்காது. பஸ்ஸுல வந்தவுகளுக்கு ரெண்டு நாளு பிடிக்கும். நீ என் ரூமுதான், வா."

அவள் சொன்னபடியேதான் ஆனது. அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம் அவளுடையது. இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தாள். நிரந்தர வேலை இல்லை, கௌரவ விரிவுரையாளர். கௌரவம் எல்லாம் பெயரில் மட்டும். அதோடு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. ஆராய்ச்சிப் பொருள் நாவற்பழம். "அட, நாவப்பழமா? சுகருக்கு நல்லதாமே" என்று நான் ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்து விற்கிறவர் முதல் என் ஆபீஸ் பியூன் வரை எல்லாரும் சொல்கிற சங்கதிதானே!

குடலக்காவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"பழத்துல அது இருக்கு, இது இருக்குன்னு ஆளாளுக்குச் சொல்லுறாக. பழத்துல இருந்தா உனக்கு என்னத்தா? பழமா வாழப் போற? உன் வாயில போட்டதுக்கு அப்புறம் அது இருக்கா, செத்துச்சா, எங்கிட்டுப் போச்சுன்னு எவனாச்சும் பின்னாடியே போயிப் பாத்தானா?"

யாரும் போய்ப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அவள் போனாள். வாய் முதற்கொண்டு கடைசி வரைக்கும் போனாள். அதனால்தான் ஹாஸ்டலில் அவளுக்குக் குடலக்கா என்று பெயர். அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், "அப்படி யாரும் இங்கன இல்லீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவோம்.

முதல் கட்டம் வாய். வாய் என்றால் எச்சில். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா கையில் ஒரு கண்ணாடிக் குடுவையோடு அறை அறையாக வருவாள். "ஏத்தா, கொஞ்சம் துப்பு" என்பாள். இராமநாதபுரத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தில் எச்சிலையும் விட்டுவைக்கவில்லையே என்று எங்களுக்கு வயிற்றெரிச்சல். பக்கத்து அறை ஷமீமா கீழக்கரைப் பெண், ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை கத்தாரில் இருந்தான். இருவரும் வீடியோவில் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஒரு ஊதா முகம் நுழையும்.

"தம்பி, ஒரு நிமிசம் பொறுங்க. துப்பிட்டு வந்து பேசுவா."

அந்தப் பையன் பயந்து கல்யாணத்தை நிறுத்திவிடுவான் என்று நாங்கள் நினைத்தோம். அவன் மறுநாளே, "டாக்டரம்மா வந்துட்டாகளா? ஸலாம் சொல்லு" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டான். குடலக்காவை முதன்முதலில் டாக்டர் என்று கூப்பிட்டது அவன்தான். அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

இரண்டாம் கட்டம் வயிறு. ஒரு சனிக்கிழமை என்னைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய்த் தன் கண்ணாடி வயிற்றைக் காட்டினாள். உடம்புச் சூட்டில் வெந்நீர்த் தொட்டி, அதில் லேசாக ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டில், உள்ளே மசித்த நாவற்பழம். "சாப்பிட்டியா? நல்லா மென்னியா?" என்று அவள் பாட்டிலைத் தட்டிக் கேட்டதை என் இரு கண்ணால் பார்த்தேன். வயிற்று அமிலம் மாதிரி ஒன்றை ஊற்றினாள். ஊதா போய், ரத்தச் சிவப்பாகப் பளபளவென்று வந்தது. நான் கை தட்டிவிட்டேன்.

"இரு இரு. இது இரைப்பை. இங்கன அது கெட்டிக்காரி, தாக்குப் பிடிச்சுருவா. இனிமேத்தான் சிறுகுடலு" என்று வேறொரு திரவத்தை விட்டாள். சிவப்பு நீலமாகி, பார்த்துக்கொண்டே இருக்கையில் மங்கி, கடைசியில் அழுக்குப் பழுப்பில் வந்து நின்றது. எனக்கு மனசே கேட்கவில்லை.

"செத்துருச்சாக்கா?"

"முக்காவாசி உடைஞ்சு போச்சு. நேரா ரத்தத்துல சேருறது கொஞ்சூண்டுதான்."

"அப்ப சின்ன வயசுல இருந்து நான் தின்ன நாவப்பழம் அம்புட்டும் தண்டமா?"

"அவசரப்படாதத்தா. மிச்சம் மீதி பெருங்குடலுக்குப் போகும். அங்கன கண்ணுக்குத் தெரியாத கிருமிக கோடிக்கணக்குல பந்தி போட்டு உக்காந்திருக்கு. நமக்குச் செரிக்காததை எல்லாம் அதுக தின்னு, உடைச்சு, சின்னச் சின்னதா வேற ஒண்ணா மாத்தி விடும். அதுதான் உடம்புல சேரும். நாக்குல ஒட்டுறது வெறும் சாயம். நீ நாக்கப் பாத்து ஏமாந்துராத."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுச் "சம்மதம்" என்று சொன்ன மாதிரி இருந்தது. பழச் சத்தின் கதை பெருங்குடலில்தான் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் டாக்டர் பட்டம். அந்தக் கடைசிக் கட்டம்தான் பாக்கி.

ஆனால் ஊரில் நடக்க முடியாது இவளோடு. ஸ்டேஷன் ரோடு ஜூஸ் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் நாவற்பழ மில்க் ஷேக் குடித்துக்கொண்டிருந்தார். இவள் போய் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, பாலுல உள்ள புரதம் பழச்சத்தக் கட்டிப் பிடிச்சுக்கிரும்னு சொல்லுறாக. இல்லைன்னும் சிலரு சொல்லுறாக. முடிவு தெரியுற வரைக்கும் தனியாக் குடிங்களேன்!" அவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் எங்களை அப்புறம் சேர்க்கவே இல்லை. நன்னாரி சர்பத் குடிக்க வேண்டுமென்றால் நான் தனியாகத்தான் போவேன்.

இப்போது வார்டன் மேடத்தைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஊர் தங்கச்சிமடம். கஞ்சி போட்ட வெள்ளைக் காட்டன் சேலை, அதில் ஒரு மடிப்புக் கலையாது. அவர் மாடிப்படி ஏறினால் சேலை சத்தம் போடும், நாங்கள் போனை அணைப்போம். அவர் அறையில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே பிஸ்கட் கிடையாது, செட்டு.

செட்டு தெரியும்தானே? எங்கள் பக்கம் காய்ச்சல் வந்தால் டாக்டர் என்பது இரண்டாவது யோசனை. முதலில் மெடிக்கலில் போய், "காய்ச்சலுக்கு ஒரு செட்டுக் குடுங்கண்ணே" என்போம். ஒரு பெரிய வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் பாதி, ஒரு சிவப்புக் கேப்சூல் என்று காகித உறையில் போட்டுத் தருவார்கள். எது எதற்கு என்று கேட்பது மரியாதைக் குறைவு. மேடம் அதை மொத்தமாக வாங்கி டின்னில் வைத்திருந்தார். யார் தும்மினாலும் ஒரு செட்டு. கொடுத்துவிட்டுப் போய்விட மாட்டார், எதிரிலேயே நிற்பார். "முழுங்கு. ஆ காட்டு. நாக்கத் தூக்கு" என்று சோதனை போட்டுவிட்டுத்தான் நகர்வார். தூசிக்குத் தும்மிய பாவத்துக்குச் செட்டு முழுங்கியவர்கள் எங்களில் பலர் உண்டு.

அப்பேர்ப்பட்ட வெள்ளைச் சேலைக்கும் இந்த ஊதாவுக்கும் ஒரே கூரையில் எத்தனை நாள் ஒத்துப்போகும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வெடித்தது. வெடித்தது என்றால் நிஜமாகவே. குடலக்கா சமையல்கட்டு ஜன்னலில் ஒரு பாட்டில் நாவற்பழக் கூழை இறுக மூடி வைத்து மறந்துபோயிருந்தாள். அது உள்ளுக்குள்ளே பொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மேடம் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து தண்ணீர் குடிக்க நிற்கையில், மூடி மேலே, கூழ் மேடத்தின் மேலே.

"மாதாவே!" என்ற அலறலில் நாங்கள் ஓடினோம். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஊதா. மேடம் ஆத்திரத்தில் துணிசோப்பை எடுத்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கறை நீலமாக மாறியது. அவ்வளவுதான், குடலக்காவுக்கு எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. அரை எலுமிச்சையோடு ஓடி வந்து, மேடம் தடுப்பதற்குள் கறையின் மறுபாதியில் பிழிந்துவிட்டாள். அது பளிச்சென்று சிவந்தது.

"பாத்தீங்களா மேடம்! இந்தப் பக்கம் இரைப்பை, அந்தப் பக்கம் சிறுகுடலு! புள்ளைகளா, எல்லாரும் வந்து பாருங்க!"

பிள்ளைகள் எல்லாரும் பார்த்தோம். மேடமும் குனிந்து தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம்.

"ஆவணி முடியிறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணு" என்றார். சத்தமே போடாமல் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

ஆவணியோடு முடிகிற சமாசாரம் அது ஒன்று மட்டுமில்லை. நாவற்பழ சீசனும் முடிகிறது. அக்காவின் ஆராய்ச்சிப் பதிவுக்கும் அதுதான் கடைசிக் கெடு; ஏற்கெனவே நீட்டித்து நீட்டித்து, இனி நீட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வகுப்பு இல்லை என்று கல்லூரியிலும் சொல்லியாகிவிட்டது. பாக்கி இருப்பதோ பெருங்குடல். அதைக் கண்ணாடியில் செய்ய முடியாது. அந்தக் கிருமிகள் மனுஷ வயிற்றிலிருந்துதான் வர வேண்டும். எந்த வழியாக வரும் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? இனிமேல் அதைச் 'சாம்பிள்' என்று சொல்கிறேன். குடலக்காவும் அப்படித்தான் சொல்வாள்.

ஆண்கள் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். "பொம்பளை ஒருத்தராவது இல்லாம ஒத்துக்க மாட்டேன்" என்று அவளுடைய கைடு கறாராகச் சொல்லிவிட்டார். ஆரோக்கியமான பெண்ணாக இருக்க வேண்டும். சில மாதங்களாக ஆன்டிபயாடிக் தொட்டிருக்கக் கூடாது. தொட்டால் கெட்ட கிருமியோடு சேர்ந்து பந்திக்காரர்களும் காலி.

பெண்கள் ஹாஸ்டலில் பெண்ணுக்கா பஞ்சம் என்று அக்கா தைரியமாகக் கிளம்பினாள். ஒவ்வொரு அறைக் கதவும் அவள் மூக்குக்கு நேரே சாத்தப்பட்டது.

"எச்சில் கேட்டீங்க, குடுத்தோம். இதையுமாக்கா? எங்க வீட்டுல மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்கு!"

கடைசியில் சம்மதித்தவள் ஷமீமா. அவளுக்கும் வெட்கம்தான். கத்தார் மாப்பிள்ளைதான், "படிப்புக்குத்தானே கேக்குறாக? குடுத்துரு. டாக்டரம்மாவுக்கு இன்ஷா அல்லாஹ் நல்லது நடக்கும்" என்று சொல்லி அனுமதி கொடுத்தான். அப்படி ஒரு மாப்பிள்ளை எனக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சாம்பிள் போனது. மறுநாள் சாயங்காலம் குடலக்கா தொங்கின முகத்தோடு திரும்பி வந்தாள். பாட்டிலில் போட்டது போட்டபடியே கிடக்கிறதாம். ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் மாறவில்லை.

"பந்திக்கு ஆளே வரலத்தா" என்றவள், ஷமீமாவைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாச் சொல்லு. ஆன்டிபயாடிக் போட்டியா?"

"அல்லாஹ் மேல ஆணையா இல்லக்கா!"

"போன மாசம் காய்ச்சல்ல கெடந்தியே?"

"அதுக்கு மேடம் குடுத்த செட்டுதானே போட்டேன். ரெண்டு மூணு தடவை குடுத்தாக."

"செட்டுல செவப்புக் கேப்சூலு இருந்துச்சா?"

"செட்டுன்னா செவப்புக் கேப்சூலு இல்லாமயாக்கா இருக்கும்?"

"அதுதானத்தா ஆன்டிபயாடிக்!" அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மறுபடியும் அறை அறையாகப் போனாள். இந்த முறை கேள்வி ஒன்றுதான்: செட்டு எப்போது போட்டாய்? போடாதவள் ஒருத்தி இல்லை. நான் தாராளமாகவே போட்டிருந்தேன். சமையல்காரம்மா சுளுக்குக்குக்கூடப் போட்டிருந்தார். குடலக்காவே பல் பிடுங்கியதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்து ஒரு வாரம் முழுக்கச் சாப்பிட்டிருந்தாள். அதனால் அவளும் ஆகாது.

நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே போய் வாசலில் நின்றுகொண்டோம். அவள் பிஸ்கட் டின்னைத் தூக்கி மேசையில் டங்கென்று வைத்தாள்.

"ஒரு தும்மலுக்கு ஒரு செட்டா மேடம்? இந்த ஹாஸ்டல்ல ஒருத்தி வயித்துலயும் குடித்தனமே இல்லாமப் பண்ணிட்டீங்களே! அம்புட்டுப் பேரு குடலையும் சுடுகாடாக்கிட்டீங்களே!"

மேடம் எழுந்து நிற்பார், கத்துவார், பெட்டியை வெளியே எறிவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்தவுக நம்மள நம்பி விட்டுட்டுப் போன புள்ளைக. காய்ச்சல் வந்து கெடந்தா நான் அவுகளுக்கு என்ன பதில் சொல்லுறது? நல்லா இருக்கட்டும்னுதான் குடுத்தேன்."

குடலக்கா டின்னைப் பழைய இடத்திலேயே வைத்தாள். திரும்பி மேலே போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் விழித்தபோது அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சீசனின் கடைசிக் கூடைப் பழம் ஜன்னலோரம் குழைய ஆரம்பித்திருந்தது. நான் பல் துலக்கினேன், குளித்தேன், அவள் எதிரிலேயே இரண்டு முறை நடந்தேன். அவள் என் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இத்தனை நாள் அந்தக் கேள்விக்கு எரிந்து விழுந்தவள் நான். அன்றைக்கு, "அக்கா, கேளேன்" என்று கெஞ்ச வேண்டும் போல் இருந்தது.

கதவு தட்டும் சத்தம். திறந்தால் மேடம். கஞ்சி மடிப்போடு உள்ளே வந்து, என்னைப் பார்த்து, "நீ செவுத்தப் பாத்துத் திரும்பிக்க" என்றார். திரும்பிக்கொண்டேன். காதைத் திருப்பச் சொல்லவில்லையே.

"அந்த ஆன்டிபயாடிக் போடாத ஆளு… வயசானவுகளா இருந்தாப் பரவாயில்லையா?"

"ஆரோக்கியமா இருந்தாப் போதும் மேடம். ஏன், யாராச்சும் தெரிஞ்சவுக இருக்காகளா?"

மேடம் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நான் மாத்திரை சாப்பிடுறதில்ல."

"நீங்களா? எல்லாருக்கும் குடுக்குறீங்களே!"

"குடுப்பேன். எனக்குத்தான் தொண்டையில எறங்காது. சின்னதுல இருந்தே அப்படித்தான். ஓங்கரிச்சுக்கிட்டு வந்துரும். காய்ச்சல் வந்தா கதவச் சாத்திப் போத்திக்கிட்டுப் படுத்துருவேன். நீங்க ஊருக்குப் போயிருக்கேன்னு நெனப்பீங்க."

சுவரைப் பார்த்தபடி நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். நாக்கைத் தூக்கு, ஆ காட்டு என்று ஹாஸ்டலையே அதட்டிய அம்மாள்! என் முதுகுக்குப் பின்னால் குடலக்கா தேம்பும் சத்தம் கேட்டது.

"அழுகாத. உன் சாயம் பட்ட சேலையே எனக்கு இன்னும் வெளுக்கல. ஒண்ணு சொல்லுறேன், இது வெளிய தெரிஞ்சுது, உனக்கும் ரூம் கெடையாது, செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாளே, அவளுக்கும் கெடையாது."

அடுத்த நாள் காலை சாம்பிள் தயார். காற்றுப் படாமல், சூடு ஆறாமல், சீக்கிரமாக ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். குடலக்கா அங்கே எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துகொண்டு காத்திருக்க, கொண்டுபோகும் திருப்பணி என் தலையில் விழுந்தது. இறுக மூடிய டப்பா, அதைச் சுற்றி வெந்நீர்ப் பை, எல்லாம் ஒரு வயர் கூடைக்குள், மேலே துண்டு. அவசரத்துக்கு ஷேர் ஆட்டோதான் கிடைத்தது. பக்கத்தில் ஒரு அம்மா, மீன் கூடையோடு.

"என்ன தாயி, இம்புட்டுப் பத்திரமா வச்சிருக்க? கொழம்பா?"

"ம்."

"நண்டா, கணவாயா?"

நான் கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோ பள்ளத்தில் குதித்தது. அந்த அம்மாள் கூடையைச் சட்டென்று தாங்கிப் பிடித்து, "கொட்டிரப் போகுது. குடு, நான் மடியில வச்சுக்கிறேன். அட, இன்னும் சூடாவுல்ல இருக்கு!" என்று அணைத்துக்கொண்டார். கல்லூரி வாசல் வரைக்கும் அந்தப் புண்ணியவதி மடியில்தான் மேடத்தின் மானம் பயணம் செய்தது. இறங்கும்போது, "கைப்பக்குவம் நல்லா இருக்கும் போலயே" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு ஓடினேன்.

மறுநாள் சாயங்காலம் ஹாஸ்டல் கேட் திறந்த சத்தத்திலேயே சங்கதி தெரிந்துவிட்டது. குடலக்கா ஓடி வந்தாள். பந்தி நடந்திருக்கிறது! பழச் சாயத்தின் மிச்சத்தை எல்லாம் கிருமிகள் உடைத்து, அவள் எதிர்பார்த்த சின்னச் சின்னப் பொருள்களாக மாற்றி வைத்திருக்கின்றன. அதுவும் அந்த இரண்டு ஆண்களின் பாட்டிலைவிடப் பல மடங்கு. சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும் மேடத்தின் காலில் விழப் போனவள், வாக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்து பாதியில் நின்றாள்.

"மேடம்… உங்க ஆசீர்வாதம் ரொம்ப நல்லா வேலை செஞ்சுச்சு."

"சந்தோசம்" என்றார் மேடம், ரசத்தைப் பார்த்தபடி. அறை காலி செய்யும் பேச்சு அதோடு போனது.

கெடுவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். பல மாதம் கழித்துக் கல்லூரி அரங்கில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம் என்பதால் ஹாஸ்டல் முழுக்க ஆஜர். மேடம் முதல் வரிசையில், வெள்ளைக்கு விடுமுறை விட்டுவிட்டு அரக்குப் பட்டில். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். குடலக்கா எல்லாவற்றுக்கும் நன்றாகத்தான் பதில் சொன்னாள். கடைசியில் அவர் ஒரு வரைபடத்தில் விரலை வைத்தார்.

"மூணாவது நபரோட முடிவு மட்டும் எப்படிம்மா இவ்வளவு உயரத்துல நிக்குது? நம்புற மாதிரி இல்லையே. இந்தச் சாம்பிள்ல ஏதோ கோளாறு. அந்த நபர் யாரு, மருந்து எதுவும் எடுக்கலைன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

குடலக்கா ஓரக்கண்ணால் முதல் வரிசையைப் பார்த்தாள். "அவங்க விவரத்தை வெளியில சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

"அப்போ இந்தப் பகுதியை நான் ஏத்துக்க முடியாது. திரும்பச் செய்யுங்க."

திரும்பச் செய்வதா? பதிவுக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. குடலக்கா மேடையில் வெளிறிப்போய் நின்றாள். சொன்னால் பிழைக்கலாம், சொல்லவில்லை. நான் மேடத்தின் முதுகைப் பார்த்தேன். பட்டுச் சேலை சரசரத்தது. எழுந்து நின்றார்.

"கோளாறா? யாரு சாம்பிள்ல கோளாறு?"

அரங்கமே திரும்பியது.

"நான் தங்கச்சிமடத்துக்காரி. பொறந்ததுல இருந்து மீனும் கஞ்சியும் கீரையும் தின்னு வளந்த உடம்பு சார் இது. மாதா மேல சத்தியமா ஒரு மாத்திரை முழுங்கினதில்ல. எனக்கு முழுங்க வராது! அந்தப் புள்ளை எனக்குக் குடுத்த வாக்குக்காக மூச்சு விடாம நிக்கிது. அது பொய்யே சொல்லாது. சந்தேகம்னா நாளைக்குக் காலையில வாங்க, திரும்பத் தாரேன்!"

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "வேண்டாம்மா. உக்காருங்க. நம்புறேன்" என்றார். ஷமீமா விசிலடித்தே விட்டாள். கைதட்டல் அடங்கும்போது குடலக்கா டாக்டர். மேடம் அதற்கப்புறம் தெருவில் நடந்த நடையே வேறு. கைடு அவருக்குத் தனியாகக் கைகூப்பினாராம், அதை எனக்கே பலமுறை சொல்லிவிட்டார். பிஸ்கட் டின்னில் இப்போது பிஸ்கட் இருக்கிறது. காய்ச்சல் என்றால் டாக்டரிடம் கூட்டிப்போகிறார்.

குடலக்காவுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் நிரந்தர வேலை கிடைத்துப் போய்விட்டாள். நானும் மதுரைக்கே மாற்றலாகி வந்துவிட்டேன். போன வருஷம் என்னைப் பெத்த அய்யா தவறினார். துக்கம் கேட்க வந்தவர்கள், போனில் பேசியவர்கள் எல்லாரும் "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டார்கள். "இருக்கேன்" என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, ஆபீஸுக்குக்கூடப் போய்விட்டேன். அப்போது குடலக்கா கூப்பிட்டாள்.

"ஏத்தா, வயிறு எப்படி இருக்கு?"

"சாப்பாடே எறங்கலக்கா" என்று அந்த ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய், தண்ணீர் குடித்தாயா, மோர் சோறாவது இறங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மறுநாளும் கேட்டாள்.

இன்றைக்கு வரைக்கும் கேட்கிறாள். காலையில் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்னால் ஒரு தரம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமே.